பூட்டிய வீடும் ட்ரோன் கார்டும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டுக்கு மேலே ட்ரோன் ஏறினால், தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படாதது எல்லாம் படும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே வானம் பார்த்த முற்றமான வளவு. எந்த இடத்தில் நாட்டு ஓடு சரிந்திருக்கிறது, எந்த மதில் இடிந்திருக்கிறது, எந்த வீட்டில் கொடியில் துணியே காய்வதில்லை என்பதெல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, உள்ளே பர்மாத் தேக்கும் பழைய சாமானும் கிடக்கும். "தம்பி, இது உள்ள வரைக்கும் தெரியுமா?" என்று ஆச்சி கேட்டால் சிரிக்க வேண்டாம். தெரியும். அது எந்த இடம் என்பதும் கூடவே பதிவாகும்.

பறக்கும் விதிகள் இப்போது தொழிலில் இருப்பவர்களுக்கு ஓரளவு பழகிவிட்டன. 2021 ட்ரோன் விதிகளின்படி, பறக்கக் கட்டுப்பாடு இல்லாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டாம்; 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இறங்கிய பிறகு, படங்கள் பதிவாகும் மெமரி கார்டு யார் கைக்குப் போகிறது என்பதில்தான் ஒருவருக்கும் அக்கறை இல்லை.

ஜிபிஎஸ் உள்ள ட்ரோன் எடுக்கும் புகைப்படத்துக்குள் பொதுவாக அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பது வரை எழுதப்பட்டிருக்கும். வீடியோவில் கேப்ஷன் வசதியை ஆன் செய்திருந்தால் எஸ்ஆர்டி என்ற தனிக் கோப்பு ஒன்று உருவாகி, பறந்த பாதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். "தரம் குறையக் கூடாது" என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். கல்யாண வீட்டில் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். வளவு முழுக்கச் சாமான் பரப்பி, வெள்ளிப் பாத்திரம் அடுக்கியிருக்கும் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் சேர்ந்து ஊர் சுற்றுவது அப்படித்தான்.

விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ் வழியாக விவரங்களை நீக்கினால், ட்ரோன் நிறுவனம் தன் பங்குக்கு எழுதும் எக்ஸ்எம்பி என்ற கூடுதல் குறிப்பு வரிகள் தங்கிவிடக்கூடும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் குறிப்புகளையும் நீக்கச் சொல்வது நல்லது. அதிலும் ஒரு சிக்கல்: வழக்கமாக அது நீக்காத பழைய பிரதியையும் பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று சேர்த்து அதே ஃபோல்டரில் விட்டுவைக்கும். சுத்தம் செய்த களிப்பில் ஃபோல்டரை மொத்தமாகக் கூகுள் டிரைவில் ஏற்றினால், பழையதும் சேர்ந்தே போகும். ஓட்டு மராமத்துக்காகக் கூரையை அளந்து வரைபடம் தயாரிக்கிறவர்கள் மட்டும், வேலை முடியும் வரை இருப்பிடக் குறிப்பை நீக்கக் கூடாது. படங்களை ஒட்ட அது வேண்டும். வரைபடத்தைக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கூரையை வெட்டிவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று விடாமல், பெறுபவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை போனில். கன்ட்ரோலரில் செருகுவது பெரும்பாலும் உதவிக்கு வந்த பையனின் போனாக இருக்கும். பதிவு ஓடும்போதே ஆப் குறைந்த தரத்தில் ஒரு பிரதியைப் போனில் சேமிக்கலாம். கேலரி அதைக் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றினால் கார்டைப் பூட்டி வைத்துப் பயனில்லை. செட்டிங்ஸில் பதிவின்போது 'கேஷ்' செய்வதை, அதாவது இந்தப் பிரதி சேமிப்பதை, அணைத்துவிடுங்கள். பறத்தல் பதிவும் அந்தப் போனில்தான் இருக்கும். புறப்பட்ட இடம், அதாவது ஹோம் பாயிண்ட், அதில் உண்டு. வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஏற்றிப் பழகியவர்களின் முகவரியே அதுதான். தொழிலுக்கென்று தனிப் போன் வைப்பது செலவுதான்; ஆனால் வேறு வழி சரிப்படுவதில்லை.

சிக்னலும் சும்மா இருப்பதில்லை. டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்கள் ட்ரோன்ஐடி என்ற பெயரில் ட்ரோன் இருக்கும் இடத்தையும் ஓட்டுபவர் நிற்கும் இடத்தையும் பரப்புகின்றன. அது மறைகுறியாக்கப்படவில்லை என்று 2023-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதை நாம் அணைக்க முடியாது, அறிந்துகொள்ளலாம், அவ்வளவே. விலை மலிந்த வைஃபை ட்ரோன்களில் கதை இன்னும் மோசம்: கடவுச்சொல்லே இல்லாமலோ, பெட்டியில் அச்சடித்த எண்ணோடோ வரும். பக்கத்தில் நிற்பவர் இணைந்து படம் பார்க்கலாம். முதல் நாளே மாற்ற வேண்டும். மாற்ற வசதி இல்லாத ட்ரோனை வீட்டுப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம்.

ட்ரோனை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ கார்டை உருவிக்கொண்டால் போதும் என்ற நினைப்பு பரவலாக உண்டு. டிஜேஐயின் ஏர் 3 மாடலுக்குள் 8 ஜிபி, மினி 4 ப்ரோவுக்குள் 2 ஜிபி உள்நினைவகம் இருக்கிறது. கார்டு போட மறந்த அன்று எடுத்தது அங்கேதான் கிடக்கும். யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, ஆப்பிலேயே ஃபார்மேட் செய்து, கணக்கிலிருந்தும் ட்ரோனை விடுவிக்க வேண்டும். கார்டையும் கொடுப்பதாக இருந்தால், குயிக் ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கும், படங்கள் மீட்கப்படலாம். எஸ்டி கார்டுகளுக்கான எஸ்டி அமைப்பு தரும் ஃபார்மேட்டர் மென்பொருளில், பழையதன் மேல் எழுதி அழிக்கும் ஓவர்ரைட் முறையைத் தேர்ந்தெடுத்து, முடியும் வரை காத்திருங்கள். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும். பையில் போடும் அவசரத்தில் பாதியில் பிடுங்கினால் மீதிப் பாதி அப்படியே இருக்கும்.