அம்பாரில் படுத்துறங்கிய கவிஞன்

ரியாசானில் நான் பிடிக்க வேண்டிய பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். மாஸ்கோவிலிருந்து மின்ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வந்த முதுகுக்கு அதுவும் நல்லதுதான்.

ரயிலில் வரும்போது வெளியே ஒரு குதிரைக்குட்டியாவது தட்டுப்படுமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் இல்லை. 1920 ஆகஸ்டில் தெற்கே ரயிலில் போன ரஷ்யக் கவிஞர் செர்கேய் யெசெனினுக்குத் தட்டுப்பட்டது. ரயிலை முந்திவிடலாம் என்று நினைத்து வெகுதூரம் கூடவே ஓடி வந்த ஒரு குட்டி. அதை அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். பிறகு கவிதையிலும் வைத்தார். அதே கடிதத்தில்தான், இப்போது வருவது தான் நினைத்திருந்த சோஷலிசமே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். 1917-இல் புரட்சி வந்தபோது உழவனின் சொர்க்கமே வந்துவிட்டதாகப் பாடியவர், மூன்று வருடத்தில் ரயிலை விட்டுவிட்டு அந்தக் குட்டியின் பக்கம் போய் நின்றுவிட்டார்.

சரி, பஸ் வந்தது. கான்ஸ்டான்டினோவோ 40 கிலோமீட்டர் சொச்சம். ஓகா ஆற்றின் உயரமான கரைமேல் இருக்கிற ஊர். தேவாலயத்தைத் தாண்டிப் போனால் நிலம் சட்டென்று சரிந்து இறங்குகிறது. கீழே ஆறு, அதற்கப்பால் பார்க்கப் பார்க்கப் புல்வெளி. கால் மணி நேரம் சும்மா நின்றேன்.

யெசெனின் 1895-இல் இங்கே பிறந்தார். அப்பாவுக்கு மாஸ்கோ இறைச்சிக் கடையில் வேலை. பையன் தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தான். 1912-இல் மாஸ்கோ போனதும் அப்பா அவரை அதே கடையில் கணக்கெழுத உட்கார்த்தினார். பின்னால் பசுவுக்கும் தாய்நாய்க்கும் உருகி எழுதப்போகிற ஆளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்! நிலைக்கவில்லை. அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போய்விட்டார். 1915-இல் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அப்போதே பெயர் பெற்றிருந்த கவிஞர் பிளோக்கைப் பார்த்தார், மறு வருடம் முதல் தொகுப்பு வந்தது. தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கனை மணந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்; எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

யெசெனின் வீட்டுக்குள் பெரிய அடுப்பு, சமோவார், பள்ளிக்கூடத்தில் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ். ஓர் ஓரத்தில் அம்மா தத்தியானாவின் பழைய மேலங்கி தொங்குகிறது. 1924-இல் எழுதிய 'அம்மாவுக்குக் கடிதம்' கவிதையில், நைந்துபோன பழங்கால மேலங்கியைப் போட்டுக்கொண்டு அம்மா அடிக்கடி சாலைக்கு வந்து பார்ப்பாள். சாராயக்கடைச் சண்டையில் யாரோ மகன் நெஞ்சில் கத்தியைச் செருகுவதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி அதை முணுமுணுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார், அப்புறம் இன்னொருவர். யார் கையிலும் புத்தகம் இல்லை. மறு வருடம் டிசம்பர் 28 அன்று லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த அதே பெத்ரோகிராதில், ஒரு விடுதி அறையில் மகன் இறந்துகிடந்தான், முப்பது வயதில். அம்மா 1955 வரை இருந்தாள்.

இந்த வீடு அசல் இல்லை. 1922-இல் ஊரில் பிடித்த தீயில் பழைய வீடு போய்விட்டது. தப்பியது கொல்லைப்புறத்துத் தானியக் கொட்டில்தான். கோடையில் ஊருக்கு வந்தால் அவர் படுத்தது, எழுதியது எல்லாம் அதில்தான். மரச்சுவர்கள், குனிந்துதான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

காவலுக்கு இருந்த அம்மாள் அதைக் காட்டி "அம்பார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவிப்போமே, அதே சொல். பாரசீகத்திலிருந்து கிளம்பி ஒரு கிளை இங்கே வந்திருக்கிறது, ஒரு கிளை நம்மிடம். பாரசீகத்துக்குப் போகாமலே அதைப் பற்றிக் கவிதைகள் எழுதியவர் தூங்கிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்யனில், எங்கள் ஊரில் இதை 'அம்பாரம்' என்போம் என்றேன். அவர் நம்பாமல் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "அம்பாரம்."