கார் லோனில் கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

ஷோரூமில் உட்கார்ந்ததும் வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" அதற்குப் பதில் சொல்லாதீர்கள். 15,000 என்று வாய்விட்டால், வருடத்தை நீட்டி, ஆக்சஸரீஸையும் காப்பீட்டையும் லோனுக்குள் தள்ளி, அதே 15,000-ஐக் கொண்டுவந்து காட்டிவிடுவார்கள். வண்டி விலை, லோன், இன்ஷூரன்ஸ், பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் நான்கும் தனித்தனி வியாபாரம். நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்கினால்தான் எதில் தள்ளுபடி கொடுத்து எதில் திரும்ப எடுக்கிறார்கள் என்று தெரியும்.

8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 வருடம் என்றால் தவணை சுமார் 16,607 ரூபாய். மொத்த வட்டி 1.96 லட்சம். அதையே 7 வருடமாக்கினால் தவணை 12,871-க்கு இறங்கும்; வட்டி 2.81 லட்சத்துக்கு ஏறும். மாதம் 3,700 ரூபாய் மிச்சம் மாதிரி தெரிவதற்குக் கொடுக்கும் விலை 85,000 ரூபாய்.

வட்டியை விடப் பெரிய ஆபத்து ஒன்று இதில் உண்டு. அந்த வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலையே (சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் சேராத விலை) 8 லட்சம், அது முழுவதையும் லோனாக எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்று வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டிய பிறகும் 7 வருட லோனில் பாக்கி 5.17 லட்சம் நிற்கும். வழக்கமான தேய்மான அட்டவணைப்படி நான்காம் வருடத்தில் ஐடிவி (வண்டி மொத்தமாகப் போனால் இன்ஷூரன்ஸ் தரும் உச்சத் தொகை) விலையில் 60 சதவீதம், அதாவது 4.8 லட்சம். அந்த நேரத்தில் வண்டி திருடு போனாலோ, விபத்தில் மொத்தமாகப் போனாலோ, இன்ஷூரன்ஸ் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். வண்டியும் இருக்காது, மேலே 37,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும். 5 வருட லோனாக இருந்தால் அதே நாளில் பாக்கி 3.64 லட்சம்தான். அதனால் 5 வருடத்துக்குள் கட்ட முடியாத வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு வேரியன்ட் கீழே இறங்குங்கள், அல்லது முன்பணம் சேரும்வரை பொறுங்கள்.

வட்டி விகிதத்தைக் கேட்கும்போது "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஃபிளாட் 5 சதவீதம் என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும். முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை அது. 8 லட்சத்துக்கு 5 வருடத்தில் 2 லட்சம் வட்டி. பாக்கி குறையக் குறைய வட்டி குறையும் ரெட்யூசிங் முறைக்கு மாற்றிப் பார்த்தால் 9 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே வரும். முதல் தவணையை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் 'அட்வான்ஸ் இஎம்ஐ' திட்டத்திலும் உண்மையான வட்டி சொன்னதை விட ஏறிவிடும்.

இதற்கெல்லாம் ஒரே தாளில் விடை இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் கார் லோன் உட்பட தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வருடாந்திர விகிதம், ஏபிஆர் என்ற பெயரில் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆவணக் கட்டணம், செக் பவுன்ஸ் கட்டணம் எல்லாம் அந்தத் தாளில் வந்தாக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. 'லோன் சுரக்ஷா' மாதிரி ஏதாவது ஆயுள் காப்பீடு கடனோடு சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே தேடுங்கள். அந்தப் பிரீமியத்துக்கும் சேர்த்து வருடக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முன்கூட்டியே அடைப்பதைப் பற்றியும் அதே நாளில் கேளுங்கள். கார் லோன்கள் பல, நிலையான வட்டியில் வருபவை. அவற்றில் பாக்கித் தொகையில் சில சதவீதம் அபராதமாகப் பிடிப்பார்கள். பகுதி பகுதியாகக் கட்ட முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாத வங்கிகளும் உண்டு. வட்டி கால் சதவீதம் கூடுதலாக இருந்தாலும் அபராதம் இல்லாத லோன், போனஸோ சீட்டுப் பணமோ வரக்கூடியவருக்கு லாபம்.

ஷோரூமுக்குப் போகும் முன்பே சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். உங்கள் கடன் வரலாறும் ஸ்கோரும் இருக்கும் சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். எப்போதோ அடைத்த கடன் இன்னும் பாக்கியாகத் தெரிந்தால் திருத்த நேரம் வேண்டும். ஷோரூம் ஃபைனான்ஸ் மேஜையில் ஆதார், பான் நகலைக் கொடுத்தால் ஒரே நாளில் நாலைந்து வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரை இறக்கும். எந்த வங்கிக்கு மட்டும் அனுப்பலாம் என்பதை நகலின் மேலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. 20 லட்சத்துக்கு மேல் 20. இந்த 10 லட்சக் கோடு மிக முக்கியம். எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துப் பார்த்தால், 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சம், 10.05 லட்சம் வண்டிக்கு 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் அலாய் வீலுக்காக அரை லட்சம் வரி. கோட்டைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) சேரும். அது மட்டும் உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழியும்.

'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஐந்தாயிரம், பத்தாயிரம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஷோரூமுக்கு வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம்.

இன்ஷூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடம் கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீடு 1 வருடம் போதும். வெளியில் ஒரு கொட்டேஷன் எடுத்து, இரண்டிலும் ஐடிவி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரீமியத்தை ஒப்பிட வேண்டும். ஜீரோ டெப் (பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத காப்பு) எடுங்கள். லோன் அதிகமாக இருந்தால் முதல் மூன்று வருடம் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' (ஐடிவிக்குப் பதில் வாங்கிய விலையைத் தரும் காப்பு) எடுங்கள். லோன் பாக்கிக்கும் ஐடிவிக்கும் நடுவே வரும் பள்ளத்தை அந்த வருடங்களில் அடைப்பது இதுதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி வெள்ளம் ஏறும் ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் பாதுகாப்பு அவசியம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி தராது.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பு, பகல் வெளிச்சத்தில், டீலர் வண்டிகளை நிறுத்தும் யார்டிலேயே பாருங்கள். பதிவெண் வந்துவிட்டால் வேறு வண்டி மாற்றித் தருவது நடக்காத காரியம். வண்டியோடு தயாரிப்பாளர் தரும் சான்றான படிவம் 22-ல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். சேசிஸ் எண்ணை அதோடு ஒத்துப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். வண்டியின் தயாரிப்பு மாதத்துக்குப் பிந்தைய தேதி ஒரு டயரில் மட்டும் இருந்தால், அது மாற்றப்பட்டிருக்கிறது. கதவு, பானட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம், ஒரு பேனலில் மட்டும் நிற வேறுபாடு இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஜனவரியில் வாங்கும்போது போன வருடத் தயாரிப்பு என்றால் ஆர்சியில் அந்த வருடம்தான் வரும். விற்கும்போது விலை குறையும். அந்தக் குறைவை இப்போதே தள்ளுபடியாகக் கேளுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் வண்டி முழுசாக உங்களுடையது ஆகிவிடாது. ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியிடம் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, அரசின் பரிவாஹன் தளத்தில் கட்டணம் கட்டி எச்பியை, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை, கேன்சல் செய்ய வேண்டும். என்ஓசி பெரும்பாலும் 90 நாள்தான் செல்லும். தேதி கடந்துவிட்டால் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டும். இடையில் அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. ஆர்சி மாறியதும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.