மழைக்கும் ஸ்தோத்திரம், மழை நின்றதற்கும் ஸ்தோத்திரம்

ஞாயிறு பிரசங்கத்துக்கு வேண்டிய ஆயத்தத்தைச் சனிக்கிழமை இரவுக்குள் ஒருவாறு முடித்துவிடலாம். ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை வாசிப்பதற்கான ஆயத்தத்தை மட்டும் எந்தப் போதகராலும் முன்கூட்டியே முடித்துவிட முடியாது. தென்மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். பிறந்தநாள், திருமண நாள், பரீட்சையில் தேர்ச்சி, நோயிலிருந்து சுகம், புது வீடு என்று எந்த நன்மை நேர்ந்தாலும், ஒரு சிறிய உறையில் பணத்தை வைத்து, மேலே பெயரையும் காரணத்தையும் எழுதி, போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் கொடுத்துவிடுவார்கள். ஆராதனையின் நடுவே போதகராகிய ஐயர் அவற்றை ஒவ்வொன்றாகச் சத்தமாய் வாசித்து, கொடுத்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டும்.

பெரும்பாலோர் "தேவன் செய்த சகல நன்மைகளுக்காக" என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாச் சபைகளிலும், கடவுள் செய்த நன்மையைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வராத சிலர் இருக்கிறார்கள். "காணாமற்போன மோட்டார் சைக்கிள் பெட்ரோலோடு திரும்பக் கிடைத்ததற்காக" என்று ஒருவர் எழுதியிருந்தார். "மருமகள் ஒருவழியாகக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டதற்காக" என்று இன்னொரு தாயார் எழுதியிருந்தார். அந்த மருமகள் அதே வரிசையில், மாமியாருக்குப் பக்கத்தில், பாமாலைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை அங்கி அணிந்து, பீடத்துக்கு முன்னால் நின்று, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் இவற்றை வாசிப்பது எப்படி என்று மதுரை அரசரடியில் நான் இறையியல் படித்த காலத்தில் யாரும் பாடம் நடத்தவில்லை.

போதகரின் நகைச்சுவை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பிரசங்கத்தின் இடையில் சொல்லப்படும் துணுக்குகள்தாம். வாட்ஸ்ஆப்பில் சுற்றி வரும் அப்படிப்பட்ட துணுக்குகள் என்னிடமும் ஏராளமாக உண்டு. அவற்றை மேடையில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிரிக்கவைப்பதற்கென்றே சொல்லப்படும் துணுக்கில் போதகர்தான் பெரியவராகத் தெரிகிறார், வசனம் காத்திருக்கிறது. என் ஊழியத்தில் எனக்குக் கிடைத்த சிரிப்பு முழுவதும் மக்கள் நன்றி சொன்ன விதத்திலிருந்து வந்தது. நன்றியை ஒளிக்காமல், பூசி மெழுகாமல், நடந்தபடியே சொல்லுகிற மனிதன் பக்கத்தில் நின்றால் சிரிப்புத் தானாக வருகிறது. அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

தூத்துக்குடிக்கு வடக்கே கரிசல் காடும் உப்பளமும் அடுத்தடுத்துக் கிடக்கிற, பல கிராமச் சபைகள் அடங்கிய ஒரு சேகரத்தில் நான் ஊழியம் செய்த காலத்தில்தான் இது எனக்கு நன்றாக விளங்கியது. கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற மானாவாரி விவசாயிக்குப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை வந்தாக வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கோ அந்த மழை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் ஒரு நல்ல மழை பெய்தால் பாத்தியில் விளைந்து நிற்கிற உப்புக் கரைந்துபோகும், அந்த வருஷத்து வேலையும் அத்தோடு நின்றுவிடும். தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி விளைகிற அந்த மாவட்டத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலியில்லாமல் இருக்கிற உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். இந்த இரண்டு தொழில்காரர்களும் என் சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கடவுளிடம், நேர் எதிரான இரண்டு விண்ணப்பங்களைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக என் கைக்கு வந்து சேர்ந்தன. மேலே இருந்தது, "வியாழக்கிழமை பெய்த நல்ல மழைக்காக". அடுத்தது, "வியாழக்கிழமை பெய்த மழை அரைமணி நேரத்தில் நின்றதற்காக". முதலாவதை வாசித்து முடித்தபோது விவசாயிகள் பக்கமிருந்து திருப்தியான ஒரு கனைப்பு வந்தது. இரண்டாவதை வாசிக்கத் தொடங்கும்போதே பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பிவிட்டது. எழுதிக் கொடுத்த உப்பளத் தொழிலாளரே முதலில் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சபை முழுவதும் சிரித்தது. இரண்டையும் சேர்த்து எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ஆண்டவரே, எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர் நீரே" என்று சொல்லி ஆமென் போட்டேன்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த உப்பளத் தொழிலாளர் என்னிடம் வந்தார். "ஐயா, அன்னைக்கி ஒரு வசனம் சொன்னீயளே, நீதியுள்ளவங்க மேலயும் அநீதியுள்ளவங்க மேலயும் கடவுள் மழையப் பெய்ய வைக்காருன்னு. அதுல அநீதியுள்ளவங்கன்னா உப்பளத்துக்காரங்களா?" என்று கேட்டார். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் வருகிற அந்த வசனத்தை அதற்கு முன்பு பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். மழை என்றால் எல்லாருக்கும் ஆசீர்வாதம் என்ற எண்ணத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேசியிருந்தேன். அதே அதிகாரத்தில்தான், சற்று மேலே, "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்ற வசனமும் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப ஒரே அதிகாரத்துல உப்பயும் போட்டு மழையயும் போட்டுட்டாரே ஐயா" என்றார். வேத வியாக்கியான நூல்கள் எதிலும் நான் இதைப் படித்ததில்லை.

அந்தச் சிரிப்பு சும்மா போய்விடவில்லை. அடுத்த மழைக்குக் காணிக்கை கொடுத்த கரிசல்காட்டுக்காரர் ஒருவர், மழைக்காக என்று எழுதிவிட்டு, கீழே பொடி எழுத்தில், "வேலை இல்லாதிருக்கிற உப்பளத்துச் சகோதரரைக் கர்த்தர் போஷிக்கும்படி" என்று சேர்த்திருந்தார். தனக்குக் கிடைத்த நன்மை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நஷ்டமாக இருக்கலாம் என்பதை அவர் என் பிரசங்கத்திலிருந்து கற்றுக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. சேர்ந்து சிரித்தபோது பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்திருப்பார்.

கவலையையும் சிரிப்பையும் நன்றியையும் ஒரே கடிதத்தில் வைக்கத் தெரிந்த போதகர் ஒருவர் உண்டென்றால் அது ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர்தான். 1546ஆம் ஆண்டு, மான்ஸ்ஃபெல்ட் கோமான்களுக்குள் இருந்த சொத்துத் தகராறைத் தீர்த்துவைப்பதற்காக, உடல்நலம் குன்றிய நிலையில், கடுங்குளிரில், தாம் பிறந்த ஊராகிய ஐஸ்லேபனுக்குப் போயிருந்தார். வீட்டில் மனைவி கத்தரீனாவுக்குத் தூக்கமில்லை. அவருடைய கவலைக் கடிதங்களுக்கு லூத்தர் பிப்ரவரி 10ஆம் தேதி எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. நீ எனக்காகக் கவலைப்பட ஆரம்பித்த நாளிலிருந்து என் அறைக் கதவுக்கு வெளியே தீப்பிடித்தது. நேற்று, சந்தேகமில்லாமல் உன் கவலையின் பலத்தினாலே, ஒரு பெரிய கல் என் தலையில் விழ இருந்தது. நீ இப்படியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் பூமி வாய்திறந்து எங்களை விழுங்கிவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நீ ஜெபம் செய், கவலைப்படுவதைக் கடவுளிடம் விட்டுவிடு என்கிற கருத்தில் அந்தக் கடிதம் போகிறது. எழுதி எட்டே நாளில், பிப்ரவரி 18ஆம் தேதி, அதே ஊரில் அவர் இறந்துபோனார். கத்தரீனாவின் கவலை நியாயமானதாகவே முடிந்தது. ஆனாலும் அந்தக் கேலியை வாசிக்கிற எவருக்கும், அது மனைவிக்குச் சொன்ன நன்றி என்பது விளங்காமல் போகாது. என் மனைவிக்கு இதை நான் வாசித்துக் காட்டியபோது, "அந்த அம்மா சொன்னதக் கேட்டிருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு, என் சர்க்கரை மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சர்க்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபையார் ஐயருக்குக் காட்டுகிற நன்றி பெரும்பாலும் இனிப்பாகவே வருகிறது. வீடு சந்திக்கப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் காப்பி. ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அது ஆறு மாதத்துக்குப் பேச்சாகிவிடும். தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கொண்டுவருவார்கள். 1799இல் திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான அந்த முதலூர், இன்று தேங்காய்ப்பால் அல்வாவினால் பேர் பெற்றிருப்பதை நான் வேடிக்கையாகப் பார்க்கவில்லை, ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர்தான் வேறுவிதமாக நினைக்கிறார்.

எல்லா உறைகளும் சிரிப்பைத் தருவதில்லை. கணவரை அடக்கம் செய்த சில வாரங்களுக்குப் பிறகு ஒரு வயதான அம்மா தந்த உறையில், "கடைசி நாளில் என் கையால் கஞ்சி குடித்ததற்காக" என்று எழுதியிருந்தது. அதை வாசிக்கும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. பிறகு வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தபோது, "குடிச்சிட்டு, உப்பு பத்தலன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு ஐயா. அம்பது வருஷமா கொற சொன்ன மனுஷன், கடைசியில மட்டும் சொல்லாமப் போயிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்காது" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தார். 1637இல் கொள்ளைநோய் பரவிய ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில், தம் மனைவி உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்த மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர், சாப்பாட்டு மேசையில் தம் பிள்ளைகள் பாடுவதற்காக ஒரு நன்றிப் பாட்டை இயற்றியிருந்தார் என்றும், உலகம் முழுவதும் ஆலயங்களில் இன்றைக்கும் பாடப்படுவது அதுதான் என்றும் படித்தபோதெல்லாம் அது எப்படிச் சாத்தியம் என்று யோசித்திருக்கிறேன். அந்த அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது அது அவ்வளவு அதிசயமாகத் தோன்றவில்லை.

போதகருக்கு மக்கள் சொல்லுகிற நன்றி மட்டும் எப்போதும் ஒரு சேகரம் பிந்தியே வந்து சேர்கிறது. மாற்றலாகிப் போகிற ஊரின் வரவேற்புக் கூட்டத்தில் முந்தின ஐயரைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். அவர் எவ்வளவு சுருக்கமாகப் பிரசங்கிப்பார், எவ்வளவு சீக்கிரம் வீடு சந்திக்க வருவார் என்று கேட்கக் கேட்க, இப்படிப்பட்ட பரிசுத்தவானை ஏன் அனுப்பினார்கள் என்று நமக்கே தோன்றும். அந்தப் பரிசுத்தவானைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால், அந்த ஊரில் இருந்த காலத்தில் தமக்கு முந்தினவரைப் பற்றித்தான் தாமும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார். நானும் எங்கோ ஒரு சபையில் இப்போது பரிசுத்தவானாக இருக்கிறேன் என்று நம்புகிறேன்.

கொடுப்பதைப் பற்றி நமக்குச் சொல்லித்தந்தவர்களில் பெரியவர், வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா. அவர் வளர்ந்த மண்ணில்தான் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கிற பெண்கள் இருந்தார்கள். அந்த அமைதியான காணிக்கைக்கு நேர் எதிரானது அறுப்பின் பண்டிகை ஏலம். கர்த்தருக்குப் படைத்த கோழியையும் வாழைத்தாரையும் ஒலிபெருக்கி வைத்துக் கூவி விற்பதில் போட்டியும் வீறாப்பும் புகுந்துவிடுகின்றன என்பது என் கருத்து. சேகரக் கமிட்டியில் இதைச் சொல்லியும் இருக்கிறேன். கமிட்டியார் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, ஏலத்தை வழக்கம்போல் நடத்தினார்கள்.

அந்த உப்பளத் தொழிலாளர் ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மூட்டைக் கல்லுப்பைக் கொண்டுவந்து படைத்தார். ஏலத்துக்கு வந்தபோது கேட்பாரில்லை, ஏனென்றால் அந்த ஊரில் உப்பு இல்லாத வீடு கிடையாது. ஏலம் கூறிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுதோம். உப்பப் போட்டவரு இங்கதான் நிக்காரு, நெனைக்கதுக்குத்தான் ஆளக் காணோம்" என்றார். கரிசல்காட்டுக்காரர் ஒருவர் எழுந்து நூறு ரூபாய் என்றார். மற்றொருவர் இருநூறு என்றார். ஆடு போன விலைக்கு அந்த மூட்டை போயிற்று. எடுத்தவர் அதைத் திரும்பவும் கோயிலுக்கே படைக்க, மறுபடியும் ஏலம் போட்டு, கடைசியில் எடுத்தவர் அதை ஐயரம்மாவுக்கு என்று சொல்லிக் குருமனைத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். மூட்டையைச் சுற்றிவந்து பார்த்த என் மனைவி, "ஒங்களுக்கு டாக்டர் உப்பையும் கொறைக்கச் சொல்லிருக்காரு, தெரியும்லா?" என்றாள். அந்த உப்பை நாங்கள் சபையார் சேர்ந்து உண்ணும் அடுத்த அசன விருந்துக்குக் கொடுத்தோம். ஆட்டுக்கறிக் குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று ஊர் முழுவதும் பேச்சு; சமையல்காரர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.