கருப்பட்டி குக்கீஸ்

கிறிஸ்மஸ் என்றால் எங்கள் மார்த்தாண்டம் பக்கம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இல்லாமல் நடக்காது. அது அம்மா பொறுப்பு. முந்திரிக்கொத்துக்கு வாங்கிய கருப்பட்டியில் கொஞ்சம் எடுத்து இந்த முறை நான் குக்கீஸ் போட்டேன்.

200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் கருப்பட்டி. பாகு காய்ச்ச வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீர் மாவை இளக்கிவிடும். கருப்பட்டியைக் கத்தியால் பொடியாகச் சீவி, சலித்து, வெண்ணெயோடு நன்றாகக் குழைத்தால் போதும். அப்புறம் மைதா, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. உருட்டி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் வேகும்போது அதிகம் பரவாது. ஒவ்வொன்றின் மேலும் பாதி அண்டிப்பருப்பை (முந்திரிப்பருப்பை) அழுத்தி, ஓவனில் 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், பயந்து திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும்.

சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து வீடெல்லாம் மணக்கும்போது கடை பிஸ்கட் எதுவும் பக்கத்தில் நிற்காது. உண்மையாகவே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) 24ஆம் தேதி வரைக்கும் வேலை. பலகாரம் செய்ய நேரமே இல்லை. முதல் டப்பா அவர்களுக்குத்தான்.