களி மறைத்துவிடும் பல்

எங்கள் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பெரியவர்களின் மெல்லும் திறன் குறைந்து வருவது வெகுகாலம் வெளியே தெரிவதில்லை. அதற்கு முதற்காரணம் கேழ்வரகுக் களி என்பேன். குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதே களி தின்னும் முறை என்பதால், வாயில் 10 பல் உள்ளவரும் 32 பல் உள்ளவரும் ஒரே வேகத்தில் உண்டு எழுந்துவிடுவார்கள்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை, அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) ஒதுக்கத் தொடங்கியபோது, "அதெல்லாம் இப்ப புடிக்கிறதில்ல" என்றுதான் சொன்னார். பிறகு ஆட்டுக்கறியும் கொய்யாவும் பிடிக்காமல் போயின. பிடிக்காமல் போனவை எல்லாம் மென்று தின்ன வேண்டியவை என்பதை முதலில் கவனித்தவர் என் மனைவி. வெற்றிலை பாக்கை மட்டும் சிறிய இரும்பு உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்ள அத்தை தவறவில்லை. அந்த உரலின் சத்தமே எங்களுக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும்.

மெல்ல முடியாதவரின் தட்டில் கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதம், இட்லி, தேநீரில் நனைத்த பிஸ்கட் ஆகியவைதான். புரதமும் நார்ச்சத்தும் குறைந்து மாவுச்சத்து மட்டும் கூடும்போது, சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது கட்டுக்கடங்காமல் போகிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகும்.

ஜப்பானில் 80 வயதிலும் 20 சொந்தப் பற்களாவது இருக்க வேண்டும் என்ற இயக்கம் 1989இல் தொடங்கியது. நல்ல இலக்குதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது. மேலே உள்ள கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே பல் இல்லையென்றால் அரைபடுவதற்கு எதுவும் இல்லை. எத்தனை இணைகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதே மெல்லுதலைத் தீர்மானிக்கிறது.

பல்செட் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். முழுச் செட்டின் கடிக்கும் வலிமை சொந்தப் பல்லின் வலிமையில் ஒரு சிறு பகுதிதான். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போவதால், முதலில் கச்சிதமாக இருந்த செட் பிறகு ஆடத் தொடங்கும். நாக்கு அசைந்துகொண்டே இருப்பதாலும் பற்றிக்கொள்ளும் பரப்பு குறைவு என்பதாலும் கீழ்ச்செட்தான் முதலில் தொல்லை தரும். அப்போது அது எவர்சில்வர் டம்ளரில் தூங்கிவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் வாய்க்குள் போகிறது. உட்பக்கத்தை மீண்டும் பொருத்தமாக்கித் தர முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

செட்டை இரவில் கழற்றி, சாதாரண நீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும், பற்பசை கீறலை உண்டாக்கும், ஆகவே மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைத்துவிடுவதால், வாய் வறட்சியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உமிழ்நீர் குறைந்தால் செட் ஒட்டாது, மீதமுள்ள பற்களின் வேர்ப்பகுதியும் சொத்தையாகும்.

செட் உரசிப் புண்ணானால் வீட்டிலேயே உப்புத்தாளால் தேய்க்காமல் பல் மருத்துவரிடமே கொண்டுபோக வேண்டும். பாக்கோ புகையிலையோ போடும் வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், செட்டின் மேல் பழியைப் போட்டுக் காலம் கடத்தாமல் உடனே காட்டிவிடுவது அவசியம்.