பல்லு எத்தனை சார்?

எங்கப்பா மறுபடி மிஷினைக் கழட்டிட்டார். வீட்டுல தையல் மிஷின், துணி துவைக்கிற மிஷின் எல்லாம் இருந்தாலும் வெறும் 'மிஷின்'னு சொன்னா அது மரம் அறுக்கிறதுதான். திண்ணை பூரா சாமான். நட்டு, போல்ட்டு போட்டு வைக்க வேற தட்டே கிடைக்கலையாம், நான் சாப்பிடுற தட்டை எடுத்துக்கிட்டார்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு ஓய்ஞ்சப்ப, விழுந்த தென்னையை அறுக்க மரத்துக்கு இவ்வளவுன்னு ஒருத்தன் கணக்குச் சொன்னான். அந்த ரோஷத்துல வாங்கினது. பேர் தெரியாத சைனா சரக்கு. ஸ்டிக்கர்ல இருந்த பேரும் ஆயில் பட்டு உரிஞ்சு, '58 சிசி' மட்டும் மிச்சம்.

இந்த முறை நோவு கார்புரேட்டர்ல. சோக் போட்டு இழுத்தா ஒரு இருமல், அப்புறம் கம்முனு ஆயிடும். உள்ளே டயாபிரம்னு கறுப்பா ஒரு ஜவ்வு இருக்கு, தீப்பெட்டி அகலம்கூட இருக்காது. அது வளைஞ்சு கொடுத்தாத்தான் பெட்ரோல் ஏறும். எடுத்துப் பார்த்தா அப்பளமா விறைச்சிருக்கு. எத்தனால் கலந்த பெட்ரோலை மாசக்கணக்குல டேங்க்லயே விட்டா இப்படித்தான்னு மெக்கானிக் சொன்னார். அப்பா உடனே டெல்லி வரைக்கும் போய்த் திட்டிட்டு வந்தார். டேங்க்ல விட்டது யாருங்கிற கேள்வியை வீட்டுல யாரும் கிளப்பலை.

பெட்ரோல் கலக்கிறது தனிப் பூசை. லிட்டருக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் 40 மில்லி. அளக்கிறது இருமல் மருந்து மூடியில, 10 மில்லி கோடு வரைக்கும் நாலு தடவை. போன மழைக்கு எனக்கு இருமல் வந்தப்ப மருந்துல பஜாஜ் ஸ்கூட்டர் வாசனை அடிச்சதை நான் இன்னும் மறக்கலை.

டயாபிரம் பத்தாதுன்னு செயினும் மொட்டை. தென்னை பார்க்கத்தான் சாது, வெளி வைரம் செயினைத் தின்னுடும். அதுல மண்ணு வேற ஒட்டியிருந்தா கேட்கவே வேணாம். பட்டுக்கோட்டைக் கடையில "இதுக்கெல்லாம் சாமான் வராதுண்ணே, புதுசா எடுத்துக்கங்க"ன்னு சொன்னதுல அப்பாவுக்குக் கோபம். கோயம்புத்தூர் மாமா ஒரு கடை நம்பர் கொடுத்தார். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினார் அப்பா.

"என்ன கம்பெனி சார்?"

"செவப்புக் கலரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, செயினு அளவு த்ரீ எய்ட்டா, த்ரீ ட்வென்டி ஃபைவா?"

"எது தம்பி செவப்புல வரும்?"

"சார், செயின் ஓடுற பட்டை எத்தனை இஞ்ச்? உள்பக்கம் பல்லு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க சார்."

வட்டமா கிடக்கிற செயினுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. அப்பா எண்ணினா 75, நான் எண்ணினா 77. எதிர்வீட்டுப் பெரியப்பா வந்து எண்ணி 80 தாண்டியும் போய்க்கிட்டே இருந்தார். கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா, "ஒரு பல்லுல சாக்பீஸ் கோடு போட்டுட்டு எண்ண வேண்டியதுதான"ன்னு தலையைத் தூக்காமலே சொன்னாங்க. 76. கடைக்காரர் "அப்ப 20 இஞ்ச் பட்டை, த்ரீ ட்வென்டி ஃபைவ்"னு கையோட சொல்லிட்டார். அப்பா அந்தப் பெருமையைத் தனக்கே வச்சுக்கிட்டார்.

பார்சல் வந்துச்சு. டயாபிரம் செட்டு விலையைவிட கூரியர் சார்ஜ் அதிகம். மாட்டி, இழுத்து, ஒரு ஆட்டு ஆட்டி, மறுபடி இழுத்ததும் புகையோட கத்துச்சு பாருங்க, தெருவே எட்டிப் பார்த்துச்சு. "சித்தப்பா, மிஷின் ஓடுது போல? அந்த முருங்கைக் கெளை…"ன்னு ஒருத்தன். வேலிக்கருவைக்கு ஒருத்தன். வாடகை பத்தி மட்டும் ஒருத்தனும் வாயைத் திறக்கலை.

அப்பா யாரையும் மதிக்காம நேரா கொல்லைக்குப் போனார். மாட்டுக் கொட்டகை மேல சாஞ்சு நிக்கிற தென்னைக்குத்தான் இத்தனை பாடும். அம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க.

"அதுல கைய வச்சீங்க, நடக்கிறதே வேற."

"கொட்டகை மேல சாஞ்சிருக்குடி."

"சாஞ்சிருக்கு. விழுந்துச்சா? வடக்குக் கொல்லை மொத்தமும் போனப்ப அது ஒண்ணுதான நின்னுச்சு? நீங்களுந்தான் மூட்டுவலி வந்ததுலேருந்து ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க, நான் எதாச்சும் சொன்னனா?"

அப்பா சுவிட்சை அமுக்கி மிஷினை நிறுத்திட்டார்.

இப்ப கொட்டகையை நாலடி தள்ளிப் போட கீத்து விலை விசாரிச்சுக்கிட்டிருக்கார். எதுக்கும் கையில இருக்கட்டும்னு இன்னொரு டயாபிரம் செட்டுக்கும் சொல்லி வைக்கணுமாம். மாமா போனை எடுக்க மாட்டேங்கிறார்.