மானிய வரைவும் தூத்தூர்ப் படகுகளும்

அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப்புக்கு வழிவிடும் அரசு மானியங்களைக் கட்டுப்படுத்துவது பற்றிய பேச்சு, உலக வர்த்தக அமைப்பில் 2001இல் தோஹாவில் தொடங்கியது. நான் இந்த வேலைக்கு வந்தபோது அது பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. டெல்லியில் ஒரு வணிகக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில், பேச்சுவார்த்தைக்கான பின்னணிக் குறிப்புகள் எழுதுவது என் பணி. ஜெனீவாவிலிருந்து வரைவு வரும். உடன்பாடு வராத சொற்களெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். எந்த அடைப்பு நீங்கினால் நம் கரையில் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதித் தரவேண்டும்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, டிசம்பர் 10 முதல் 13 வரை புவனஸ் ஐரிஸில் வர்த்தக அமைச்சர்கள் கூடினார்கள். மானியத்தைப் பற்றி 2019க்குள் முடிவெடுக்கலாம் என்று சொல்லிக் கலைந்தார்கள். அந்த இரண்டு செய்திகளையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தபிறகு, வரைவின் எந்த வரியையும் என்னால் வெறும் சட்டவாசகமாகப் பார்க்க முடியவில்லை.

பேரிடர் நிவாரணத்துக்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. ஆனால் மறுசீரமைப்பு உதவி, படகுக் கூட்டத்தைப் பேரிடருக்கு முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவருவதோடு நிற்கவேண்டும். நியாயமான வரம்புதான். இருந்தும், பழைய படகுக்குப் பதிலாகப் புயலைத் தாங்கும் பெரிய படகு கொடுத்தால் அதை மீன்பிடித் திறனைக் கூட்டுவது என்று ஒருவர் வாதிடலாம். அந்த இடத்தில் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும் என்பது என் கருத்து.

நம் தரப்பின் வாதம் எனக்கு முழு உடன்பாடு. கடல்களைக் காலி செய்தவை தொலைதூரக் கடலுக்குப் பெரும் கப்பல்களை அனுப்பும் நாடுகள். 2018இல் உலக அளவில் மீன்பிடி மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, தென்கொரியா, ஜப்பான் ஆகியவையே அதிகம் கொடுப்பவை. தம் 200 கடல் மைல் எல்லைக்கு அப்பால் பிடிக்கும் இந்த நாடுகள் 25 ஆண்டுகளுக்கு மானியத்தை நிறுத்தட்டும், மற்ற வளரும் நாடுகளுக்கு அதே அளவு அவகாசம் கொடுங்கள் என்று இந்தியா கேட்டது.

அந்த 200 மைல் கோடு எங்கே இடிக்கும் என்பது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தெரிந்தது. ஒரு தூத்தூர்ப் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரைத்த ஐஸ் அடித்தட்டுக்குள் கொட்ட, உள்ளே நின்றவர் மண்வெட்டியால் ஒதுக்கினார். மேலே டீசல் பேரல்கள், அரிசி மூட்டைகள், சுருட்டி வைத்த தூண்டில் கயிறு. சுறாவும் சூரையும் தேடி 200 மைலைத் தாண்டி, ஒரு மாதத்துக்கு மேல் நீளும் பயணம். படகுக்காரர் கணக்கு நோட்டைக் காட்டினார். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷன் போக மிஞ்சியதில்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. டீசலுக்கு எழுதியிருந்த தொகைதான் எல்லாவற்றிலும் பெரிது. “தம்பி, இது எங்க வீடும் மச்சான் வீடும் சேந்து எறக்குன போட்டு. கம்பெனி போட்டு இல்ல” என்றார். மைலை மட்டும் அளந்தால் இந்தப் படகும் பெருங்கப்பலும் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

சில சொற்கள் நம் கரைக்கு நல்லதும் செய்தன. தடை செய்யவேண்டிய மானிய வகைகளின் பட்டியலில் மீனவர்களுக்கான வருமான உதவியும் இருந்தது. பருவகாலத் தடையின்போது பிழைப்புக்குத் தரும் உதவி நீங்கலாக என்று ஒரு விலக்கு பின்னர் அதில் சேர்ந்தது. குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களின் நிவாரணத்தை நம்பி அடுப்பெரியும் வீடுகளுக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரியது என்று அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

2022 ஜூனில் ஜெனீவாவில் பாதி ஒப்பந்தம் கிடைத்தது. சட்டவிரோத மீன்பிடிப்பு, ஏற்கெனவே வற்றிய மீன்வளம், எந்த அமைப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடல் ஆகியவற்றுக்கான மானியம் தடையாயிற்று. மிகைத்திறனை, அதாவது மீன்வளம் தாங்காத அளவுக்குப் படகுகள் பெருகுவதைப் பற்றிய மறுபாதி 2024இல் அபுதாபியில் முடியாமல் போனது. முதல் பாதி 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து நான்கு ஆண்டுக்குள் விரிவான விதிகள் வராவிட்டால், உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவெடுத்தாலொழிய, ஒப்பந்தமே காலாவதியாகும்.

இந்த நான்கு ஆண்டில் 25 ஆண்டு அவகாசத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதாது. படகு யாருடையது, நீளம் என்ன, ஆட்களுக்குச் சம்பளமா பங்கா, எங்கே என்ன மீன் பிடித்தார்கள் என்ற விவரங்களை ஒவ்வொரு துறைமுகத்திலும் நாமே பதியவேண்டும். தூத்தூர்ப் படகைத் தனி வகையாக எழுதச் சொல்லி நான் குறிப்பு அனுப்பும்போதெல்லாம் அந்த விவரம்தான் முதலில் கேட்கப்படுகிறது.